எரியாத மலைக்குக் கொடுத்த பொருள்

மாசி பிறந்து புல் காய்ந்துவிட்டால், கோவைக்கு மேற்கேயுள்ள மலைகளில் சில இரவுகள் செந்நிறக் கோடொன்று ஊர்ந்து செல்லும். 2023 ஏப்ரலில் ஆலாந்துறைப் பக்கத்து மலையில் பற்றிய தீ நாட்கணக்கில் எரிந்தது. சூலூரிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டர் எழுந்து, மலம்புழை அணையில் நீர் முகந்து வந்து கொட்ட வேண்டியதாயிற்று. அதற்கு முன், 2018 மார்ச் 11இல், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் தீ சூழ்ந்தபோது நம் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகளும் அதில் அகப்பட்டனர். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்தகைய நாட்களில் கொடுப்பதற்கு எவர் கையும் தயங்குவதில்லை.

தீ பற்றுமுன் கொடுப்பது எப்படி? ஜும்ஆவுக்குப் பின் வணிகர் ஒருவர் கேட்டார்: "ஹஜ்ரத், பல்கலைக்கழகத்தார் காட்டுத்தீ ஆராய்ச்சியைத் தொடங்க விதைப்பணம் கேட்கிறார்கள். வாசலில் பசித்தவன் நிற்க, புல்லையும் புதரையும் எண்ணுகிறவருக்குக் கொடுத்தால் நன்மை உண்டா?"

நியாயமான கேள்விதான். முதலில் ஒன்றைத் தெளிவாக்கினேன். ஸகாத்துக்கு உரியோர் எண்வகையினர் என்று திருமறை வரையறுத்துவிட்டது. அப்பொருளை இதற்குத் திருப்ப நான் துணியேன். அதற்கு மேல் மனமுவந்து வழங்கும் ஸதகாவைப் பற்றியதே என் பேச்சு.

பஞ்சத்திலும் விதைக் கம்பை உலையிலிடத் தயங்குபவர் நம் குடியானவர். அவருக்கு விதைப்பணத்தை விளக்க வேண்டியதில்லை. ஓரளவேனும் மெய்ப்பிக்கப்பட்ட கருத்துக்கே பெருந்தொகை கிடைக்கும். மெய்ப்பிப்பதற்கோ முதலில் ஒரு சிறுதொகை வேண்டும். அறிய வேண்டியவை என்ன? உண்ணிச்செடியையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட அச்செடி, காடெங்கும் பரவி, கோடையில் காய்ந்து, புல்லில் தவழும் தீயை மரக்கிளைக்கு ஏற்றும் ஏணியாகிவிடுகிறது. எம்முறையில் அகற்றினால் அது மீண்டும் தளிர்க்காது? சத்தியமங்கலத்தை அடுத்த பிலிகிரிரங்கன் மலைச் சோளகர், கோடை முற்றுமுன்னரே சிறுதீயிட்டுச் சருகை எரித்து வந்தனர். வெள்ளையர் காலத்து வனச்சட்டங்கள் அவ்வழக்கத்தைக் குற்றமாக்கின. தீயிடுவது நின்றபின்னரே உண்ணி பெருகிற்று என்பது அவர்தம் முதியோர் கூற்று. அது எந்தக் காட்டுக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதை அளந்து பார்த்தாலன்றி எவரும் சொல்ல இயலாது. எரியும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியே கண்டு டேராடூனிலுள்ள இந்திய வன அளவை நிறுவனம் தெரிவித்துவிடுகிறது. ஒரு சரிவு எரிய அடுத்த சரிவு தப்பியது ஏன் என்பதையோ மண்ணில் நடந்துதான் அறிய வேண்டும். அதற்கு ஆட்களும் பருவங்களும் செலவாகும்.

நேர்ந்த தீங்கை நீக்குவதினும் நேருமுன் தடுப்பதே வலிது என்பர் ஃபிக்ஹ் அறிஞர். உறங்கச் செல்லுமுன் வீட்டில் நெருப்பை விட்டுவைக்க வேண்டாமென்று பெருமானார் (ஸல்) எச்சரித்ததும் அவ்வழியே. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில் மருத்துவத்தையும் கணிதத்தையும் ஃபர்ளு கிஃபாயாவில் சேர்த்தார்கள். ஃபிக்ஹ் கற்போர் நிறைந்த ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் இல்லாமையைக் கண்டு நொந்தார்கள். எங்களைப் போன்ற மதரஸாக்காரர்களுக்குச் சற்றுச் சுடும் இடம் அது.

பசியாறியவன் துஆச் செய்வான். எரியாமல் தப்பிய மலையின் அடிவாரத்தில் உறங்குகிறவன் யாருக்காக துஆச் செய்வான்? தான் காக்கப்பட்டதையே அவன் அறியான், கொடுத்தவரும் அறியார். இக்லாஸைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோமே, அது இங்கன்றி வேறெங்கே சோதிக்கப்படும்?

"விதை முளைக்காவிட்டால்?" என்றார்.

முளைக்காமலும் போகலாம். கியாமத் நாள் எதிர்வந்தாலும் கையிலுள்ள கன்றை நடுமாறு நபிகளார் (ஸல்) பணித்தபோது, அது காய்க்குமா என்ற பேச்சே அங்கு எழவில்லை. எனினும் கணக்குக் கேட்பது உங்கள் உரிமை. பலிக்காத முயற்சியையும் மறைக்காமல் எழுதி வைக்கும் ஆய்வாளரா என்று பார்த்துக் கொடுங்கள். அடுத்தவர் அதே வழியில் பொருளைத் தொலைக்காமலிருக்க அந்த எழுத்து உதவும் என்றேன்.

கணக்குப் புத்தகத்தைக் கடையில் வைத்துவிட்டதாகச் சொல்லி எழுந்தவர், இன்னும் முடிவு சொல்லவில்லை.