இருபத்தொன்றாம் வினா

அமெரிக்காவில் அரசாங்க இரகசியங்களைக் கையாளும் உத்தியோகங்களுக்கு வருவோர் நிரப்பித்தர வேண்டிய 86ஆம் எண் படிவம் நூறு பக்கங்களுக்கும் மேற்பட்டது. கடந்த 7 ஆண்டுகளில் மனநல வைத்தியரையோ ஆலோசகரையோ நாடியதுண்டா என்று அதன் 21ஆம் பகுதி நெடுங்காலம் வினவி வந்தது. 'இல்லை' என்போர் மேலே செல்லலாம். 'ஆம்' என்போர் வைத்தியரின் பெயர், விலாசம், சென்றுவந்த காலம் யாவற்றையும் எழுத வேண்டும். இராக் யுத்தத்திலிருந்து மீண்டு, கதவு சாத்தும் ஓசைக்கும் நடுநிசியில் எழுந்து உட்காரும் ஒரு சிப்பாய்க்கு அவ்விரு கட்டங்களும் போதித்த பாடம் விபரீதமானது: பொய்யுரைத்துத் தண்டனைக்கு அஞ்ச வேண்டியதில்லை, வைத்தியரிடம் போகாமலே இருந்துவிட்டால் 'இல்லை' என்பதே மெய்யாகிவிடும்.

ஒருவரின் சித்தத் தடுமாற்றத்தால் பலர் உயிரிழக்கக்கூடிய இடத்தில் விசாரிக்கும் உரிமை அரசுக்கு உண்டு. அதை மறுப்பது விவேகமாகாது. ஆனால் சிகிச்சையை நாடியவரையே சந்தேகிக்கும் விசாரணை, நாடாதவரைச் சோதிக்காமலே விட்டுவிடுகிறது. ஆலோசனை பெற்றதை மட்டுமே கொண்டு பாதகமான அனுமானம் செய்யலாகாதென்று 1995இலேயே ஜனாதிபதி கிளின்டனின் ஆணை விதித்திருந்தது. ஆயினும் ஆணையை வாசித்தோர் சிலர், படிவத்தை வாசித்தோர் பலர். போர்க்கள அனுபவத்தின் பொருட்டுப் பெற்ற ஆலோசனைக்கு 2008இல்தான் விலக்குக் கிடைத்தது. நீதிமன்றத் தீர்ப்பு, மருத்துவமனைச் சேர்க்கை, குறிப்பிட்ட சில கடும் நோய்கள் என்று வினாவே திருத்தி அமைக்கப்பட்டது 2016இல். (தன்பால் விருப்பமுடையோரை மிரட்டி இரகசியங்களைப் பறிக்கலாம் என்று சொல்லி, 1953இன் ஐசன்ஹோவர் ஆணையைக் காட்டி அவர்களை விலக்கிய அரசு, அம்மிரட்டலுக்கு வலுவூட்டியதே தன்னுடைய விலக்கல்தான் என்பதையும் இவ்வாறே காலங்கடந்து உணர்ந்தது.)

வினாவைத் தளர்த்தலாகாது என்போர் 2013 செப்டம்பர் 16ஐச் சுட்டுவர். இரகசிய அனுமதி பெற்றிருந்த ஒப்பந்த ஊழியன் ஒருவன் அன்று வாஷிங்டன் கடற்படைத் தளத்தில் 12 பேரைச் சுட்டுக் கொன்றான். அவன் படிவம் நிரப்பியதோ பல ஆண்டுகளுக்கு முன்பு. காதில் குரல்கள் கேட்பதாகக் கொலைகளுக்கு முந்தைய மாதமான ஆகஸ்டில் நியூபோர்ட் நகரப் போலீசாரிடம் அவனே முறையிட்டிருந்தான். அவர்கள் அங்குள்ள கடற்படையினருக்கு எழுதியும் அனுப்பினர். அத்தாள் அங்கேயே தங்கிவிட்டது. அம்மாதமே இருமுறை மருத்துவமனைக்குச் சென்றவன், போலீசாரிடம் சொன்ன குரல்களை வைத்தியரிடம் சொல்லவில்லை. மனக்கலக்கம் உண்டா என்று கேட்டதற்கும் இல்லை என்றான். உறக்கம் வரவில்லை என்று மட்டும் கூறி, தூக்க மருந்தை வாங்கிக்கொண்டு வெளியேறினான்.