தன்வரலாறும் பிறர் மானமும்

தன் வாழ்வை எழுதப் புகும் எவரும் தன்னை மட்டுமே எழுதிவிட முடியாது. பெற்றோரின் வறுமையும், ஊரின் சாதிக் கொடுமையும், அவர் ஆசிரியரானால் வகுப்பில் எதிரே அமர்ந்திருந்த மாணவரின் துயரமும் அவ்வரலாற்றுக்குள் வந்தே தீரும். ஆகவே தன்னுடையதைச் சொல்லும் உரிமை எங்கே முடிகிறது, பிறர் மானத்தைக் காக்கும் கடமை எங்கே தொடங்குகிறது என்பது தன்வரலாற்று இலக்கியத்தை விட்டு நீங்காத அறக்கேள்வியாகும்.

ஐரிஷ்-அமெரிக்க எழுத்தாளர் பிராங்க் மெக்கோர்ட் (1930–2009) இக்கேள்விக்கு உலகறிந்த சான்று. நியூயார்க்கில் பிறந்து, அயர்லாந்தின் லிமரிக் நகரில் கடும் வறுமையில் வளர்ந்து, 19 வயதில் அமெரிக்கா திரும்பிய அவர், ஏறத்தாழ 30 ஆண்டுகள் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற பிறகே, 1996இல், தாயின் பெயரைத் தாங்கிய 'ஏஞ்சலாஸ் ஆஷஸ்' நூலை வெளியிட்டார். அதற்கு அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு கிடைத்தது. தந்தையின் குடியையும் தாயின் அந்தரங்கத்தையும் அந்நூல் மறைக்கவில்லை. அத்தாயோ, 1981இல் இறப்பதற்கு முன், மகன் மேடையில் சொன்ன குடும்பக் கதைகளைக் கேட்டு, அவை பொய் என்று பார்வையாளர் நடுவிலிருந்தே மறுத்ததாகக் கூறப்படுகிறது. லிமரிக்வாசிகள் சிலரும் தம் நகர் இழிவுபடுத்தப்பட்டதாகச் சினந்தனர்.

தமிழில், மெக்கோர்ட்டைப் போலவே, கற்பித்தல், தன்வரலாறு எழுதுதல் ஆகிய இரு பணிகளையும் ஒருங்கே ஏற்றவர் எழுத்தாளர் பெருமாள்முருகன். திருச்செங்கோட்டுப் பகுதியில் 1966இல் பிறந்து, நாமக்கல், ஆத்தூர் உள்ளிட்ட ஊர்களின் அரசு கலைக் கல்லூரிகளில் தமிழ் கற்பித்த அவர், திரையரங்கில் இயங்கிய சோடாக் கடை சார்ந்த இளமை நினைவுகளை 'நிழல்முற்றத்து நினைவுகள்' நூலிலும், தாயின் வாழ்வைத் 'தோன்றாத் துணை' நூலிலும், தம்மிடம் பயின்றவர்களை 'மனதில் நிற்கும் மாணவர்கள்' நூலிலும் பதிவுசெய்துள்ளார். ஆத்தூர் போன்ற ஊரின் அரசுக் கல்லூரிக்குச் சமவெளிக் கிராமங்களிலிருந்தும் கல்வராயன் மலையூர்களிலிருந்தும் வருவோரில் பலர், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறுபவர்கள். அவர்கள் ஆசிரியரிடம் மனம்விட்டுச் சொல்பவற்றில் பசியும் சாதியும் கலந்தே இருக்கும்.

சம்பந்தப்பட்ட அனைவரும் இசைந்தால் மட்டுமே எழுதலாம் என்று விதித்தால், எளியோரின் வரலாறு எழுதப்படாமலே போய்விடும். ஏனெனில் மௌனத்தால் பெரும்பாலும் ஆதாயம் பெறுவோர், எளியோர்மீது இழிவைச் சுமத்தியவர்களே அன்றிச் சுமந்தவர்கள் அல்லர். பசித்த பிள்ளைகளைக் காக்க ஒரு தாய் செய்த எதுவும் அவளுக்கு இழுக்கன்று, அந்நிலைக்கு அவளைத் தள்ளிய சமூகத்துக்கே இழுக்கு என்பதால், அதைச் சொல்லும் மகனைக் குற்றவாளியாக்குவது நியாயமாகாது. எனினும், தன்னைப் பற்றிய சித்திரத்தை அவளே மறுத்திருக்கும்போது, அம்மறுப்பையும் வாசகருக்கு அறியத் தருவதே நேர்மையாகும்.

மாணவர் நிலை இதனின்று வேறானது. மகனுக்குத் தாயின் வாழ்வில் பங்கு உண்டு. ஆசிரியருக்கு மாணவரின் வாழ்வில் அத்தகைய பங்கு இல்லை. மதிப்பெண் இடும் கையை நம்பிச் சொல்லப்பட்டது அடைக்கலப் பொருள்; அதாவது, காக்கக் கொடுக்கப்பட்டதே ஒழிய உரிமையாக்கிக்கொள்ளக் கொடுக்கப்பட்டதன்று. ஆகவே மாணவரைப் பற்றி எழுதும் ஆசிரியர் அவருடைய இசைவைப் பெறுவதும், இசைவு கிட்டாதவிடத்து அடையாளத்தை மறைப்பதும் பெருந்தன்மை அல்ல, கடமை.

இதனினும் உயர்ந்த வழியொன்று உண்டு. மாணவரும் ஆய்வாளரும் கூடி உரையாடிய 'கூடு' ஆய்வுச் சந்திப்பின் வழியாகப் பெருமாள்முருகன் தொகுத்த 'சாதியும் நானும்' நூலில், சாதி அனுபவங்களை அவற்றுக்கு ஆட்பட்டவர்களே எழுதினர். 'எங்கள் ஐயா' நூலில் அவருடைய மாணவர்கள் தம் ஆசிரியரான அவரையே எழுதினர். எழுதப்படுபவர் எழுதுபவராக மாறும்போது, எதைச் சொல்வது, எதை விடுவது என்னும் முடிவு அவரிடமே திரும்பிவிடுகிறது. சாதியை வெளிப்படையாக எழுதிய இளைஞர் அதே ஊரில்தான் தொடர்ந்து வாழவேண்டும் என்பதால் இவ்வழியிலும் ஆபத்து உண்டு. அந்த ஆபத்தை அவர் அறிந்து ஏற்கிறாரா என்பதை உறுதிசெய்யும் பொறுப்பு தொகுக்கும் ஆசிரியரைச் சாரும். அப்பொறுப்பை ஏற்கும் ஆசிரியரே, மாணவரின் துயரைத் தம் நூலுக்குப் பொருளாக்குவதை விட, அதைச் சொல்லும் ஆற்றலை மாணவருக்கே அளிப்பது மேலான அறம் என்பதை நிலைநாட்டுகிறார்.