மடியும் அரியணையும்

எகிப்தின் சக்காராவில் இருந்த புனித எரேமியா மடத்தின் சுவரோவியம் ஒன்று இப்போது கெய்ரோவின் காப்டிக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 6, 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மரியாள் குழந்தை இயேசுவுக்குப் பால் கொடுக்கிறாள். அதன் படத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதே நிலையில், அதே மண்ணில், அதற்கு முன்பு பல நூற்றாண்டுகளாக ஐசிஸ் தன் மகன் ஹோரஸுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பெயரை மாற்றிக்கொண்டு பெண் தெய்வம் பிழைத்துவிட்டாள் என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன்.

ஐசிஸ் தாய் மட்டுமல்லள். அவள் பெயரை எழுதும் குறியே அரியணைதான். கொல்லப்பட்ட கணவனின் உடலைத் தேடிச் சேர்த்து உயிர்ப்பித்தவள். சூரியக் கடவுள் ராவின் ரகசியப் பெயரைத் தந்திரத்தால் அறிந்தவள். மரியாளும் வேண்டுதல்களைக் கேட்கிறாள். ஆனால் திருச்சபையின் போதனைப்படி அவள் மகனிடம் பரிந்து பேசுகிறவள். 431இல் எபேசு சங்கம் அவளை 'இறைவனின் தாய்' என்று ஏற்றபோதும், அங்கே நடந்த விவாதம் மகனின் இயல்பைப் பற்றியதுதான்.

ஐசிஸிடமிருந்து மரியாள் நேரடியாக வந்தாளா என்பதில் கலை வரலாற்றாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. என்னை உறுத்துவது வேறு. அந்த ஓவியம் இருந்தது ஆண் துறவிகளின் மடத்தில். அவர்களுக்கு அந்தப் பால் இறைவார்த்தையின் உருவகம். பிள்ளைக்குப் பால் கொடுக்கும் பெண்களுக்காக அது வரையப்படவில்லை. ஐரோப்பாவிலோ, 1563இல் ட்ரெண்ட் சங்கம் சமயப் படங்களில் இச்சையைத் தூண்டும் அழகு கூடாது என்று விதித்தது. அதன்பின் பாலூட்டும் மரியாளின் படங்கள் குறைந்தன. உருவகமாக இருந்தவரை புனிதமாக இருந்த மார்பு, உடலாகத் தெரிந்ததும் மறைக்க வேண்டியதாயிற்று.

இது எனக்குத் தூரத்துக் கதை அல்ல. மகளுக்கு நான்கு மாதமானபோது நான் வேலைக்குத் திரும்பினேன். கல்லூரியில் விடைத்தாள் கட்டுகள் அடுக்கிய அறைக்குள் தாழிட்டுக்கொண்டு பாலைப் பீய்ச்சி எடுத்தேன். கதவு தட்டப்பட்டால் பதறுவேன். வெளியே எங்கள் துறையின் சுவரில் தமிழ்த்தாய் படத்துக்குப் புது மாலை போட்டிருந்தார்கள்.

தாயை வணங்குவதும் தாய்க்கு ஓர் அறை தருவதும் ஒன்றல்ல. அதனால், பழைய தெய்வத்தின் சாயல் புதிய ஓவியத்தில் இருக்கிறதா என்ற கேள்வியோடு இப்போது நான் நிற்பதில்லை. கைமாறும்போது அவளிடமிருந்து எதை எடுத்துக்கொண்டார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்றும் கேட்கிறேன். மடியை எடுத்துக்கொண்டார்கள். அரியணையை விட்டுவிட்டார்கள்.