இருபது மைல் தாண்டித் திரும்பிய வண்டி

தவக்காலம் 3-ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு
விடுதலைப் பயணம் 3:1-8, 13-15, லூக்கா 13:1-9



இன்றைய முதல் வாசகத்தில் மோசே ஆடு மேய்த்துக்கொண்டிருக்கிறார். அதுவும் சொந்த ஆடுகள் அல்ல, மாமனார் இத்திரோவின் ஆடுகள். எகிப்து அரண்மனையில் வளர்ந்த மனிதர், மிதியான் நாட்டுப் பாலைவெளியில், புல் எங்கே கிடைக்கும் என்று மந்தையோடு அலைகிறார். அவரைச் சந்திக்கக் கடவுள் ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்கிறார். நைல் கரையில் எத்தனையோ பெரிய கோவில்கள் இருந்தன. அவற்றில் ஒன்றும் இல்லை. ஒரு முட்புதர். நம் ஊர்க் கண்மாய்க் கரையில் கருவேலம் எப்படியோ அப்படி. யாரும் நின்று பார்க்கிற பொருளே அல்ல.

வெயில் காயும் நிலத்தில் காய்ந்த முள் தீப்பிடிப்பது ஒன்றும் அதிசயம் இல்லை. எரிந்தும் கருகாமல் இருந்ததுதான் அதிசயம். அதைத் தெரிந்துகொள்ள ஒரு பார்வை போதுமா? போதாது. கிளை இன்னும் கிளையாகவே இருக்கிறதா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தால்தான் தெரியும். மோசே வழியை விட்டு விலகி, அருகில் போகிறார். அவர் அப்படி விலகி வருவதை ஆண்டவர் கண்ட பிறகுதான் புதரிலிருந்து குரல் கேட்கிறது. வாசகத்தை வீட்டில் இன்னொரு முறை படித்துப் பாருங்கள், இந்த வரிசை அதில் தெளிவாக இருக்கிறது.

இதை இன்று போட்டோவோடு சேர்த்துப் பேசப் போகிறேன். மறையுரையில் என்ன போட்டோ என்று முன் வரிசையில் இருக்கிற பெரியவர்கள் பார்க்கிறீர்கள். காரணம் இருக்கிறது. ஈஸ்டருக்குப் பிறகு திருமணம் வைத்திருக்கும் பிள்ளைகள் ஓலை கொடுக்க வருகிறார்கள். திருமணத் தயாரிப்பு வகுப்புக்கு வர வேண்டும் என்று சொன்னால், “ஃபாதர், அந்த சனி ஞாயிறு மூணாறுல ஷூட் இருக்கு” என்கிறார்கள். நான் கோபித்துக்கொள்வதில்லை, வேறு தேதி கொடுத்துவிடுகிறேன். பிறகு ஆல்பத்தைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். தேயிலைத் தோட்டம், பின்னால் பனிமூட்டம், முன்னால் இரண்டு பேர். படம் பளபளவென்று இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு பேரை எடுத்துவிட்டு வேறு இரண்டு பேரை அங்கே நிறுத்தினாலும் படம் மாறாது. அந்தப் பெண்ணை எனக்கு ஞானஸ்நானத்திலிருந்து தெரியும். அவள் சிரித்தால் எப்படி இருக்கும் என்று தெரியும். ஆல்பத்தில் அந்தச் சிரிப்பைத் தேடினேன், காணவில்லை.

உலகத்தில் அதிகம் பேர் பார்த்த படங்களில் ஒன்று எங்கே எடுக்கப்பட்டது தெரியுமா? சேறும் சகதியுமான ஒரு சாலையோரத்தில். 1936 மார்ச் மாதம். நாள்காட்டியைப் புரட்டினால் அதுவும் தவக்காலம். அமெரிக்காவில் பெருமந்தம் நிலவிய காலம். வேலையில்லாமல் குடும்பம் குடும்பமாக மக்கள் பழைய கார்களில் அலைந்தார்கள். டொரோத்தியா லாங் என்ற பெண் அவர்களைப் படம் எடுக்கும் அரசு வேலையில் இருந்தார். ஏழு வயதில் போலியோ வந்து, கால் தாங்கித் தாங்கி நடப்பவர். கலிபோர்னியாவில் ஒரு மாத வேலையை முடித்துக்கொண்டு, மழையில், தனியாகக் காரை ஓட்டி வீடு திரும்பிக்கொண்டிருந்தார். நிப்போமோ என்ற ஊருக்குப் பக்கத்தில், பட்டாணி பறிப்பவர்களின் முகாம் என்று ஒரு பலகை கண்ணில் பட்டது. அவர் நிற்கவில்லை. எடுக்க வேண்டியதெல்லாம் எடுத்தாயிற்று, இன்னும் ஒரு முகாம் எதற்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஓட்டினார். இருபது மைல் போன பிறகு வண்டியைத் திருப்பினார். யோசித்து எடுத்த முடிவு அல்ல, ஏதோ உள்ளே இழுத்தது என்றுதான் பல ஆண்டுகள் கழித்து, 1960-ல், அவர் எழுதினார்.

மோசே விலகிப் போனது சில அடிகள். இந்த அம்மா திரும்பியது இருபது மைல்.

முகாமில் விளைச்சல் கெட்டுப்போய், பறிக்க வந்தவர்களுக்கு வேலை இல்லை. ஒரு பக்கம் திறந்த கூடாரத்தில் 32 வயதுத் தாய் ஒருத்தி குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தாள். லாங் சில படங்கள்தான் எடுத்தார். முதலில் தூரத்திலிருந்து: கூடாரம் முழுவதும் தெரிகிறது, பெட்டி படுக்கை தெரிகிறது. பிறகு கொஞ்சம் கிட்டே. இன்னும் கிட்டே. கடைசிப் படத்தில் கூடாரம் போய்விட்டது, வயல் போய்விட்டது, கலிபோர்னியாவே போய்விட்டது. தாயின் முகம் இருக்கிறது. கன்னத்தோரம் வைத்த கை, நூல் பிரிந்த சட்டைக் கை, மடியில் கைக்குழந்தை. இரண்டு பக்கமும் இரண்டு பிள்ளைகள், கேமராவுக்கு முதுகைக் காட்டி, அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு. அந்தப் பிள்ளைகளின் முகம் தெரிந்திருந்தால் படம் இவ்வளவு கனத்திருக்காது என்பது என் அபிப்பிராயம். ‘புலம்பெயர்ந்த தாய்’ என்று உலகம் அறிந்தது இந்தக் கடைசிப் படத்தைத்தான். இது எந்த ஊர் என்று படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஊர் இல்லாத படம்தான் உலகம் சுற்றியது.

(கூடாரக் கம்பைப் பிடித்திருந்த ஒரு கட்டைவிரல் ஓரத்தில் தெரிந்ததென்று, 1939-ல் நெகட்டிவில் அதை மங்கவைத்துவிட்டார் லாங். எடிட்டிங் நம் காலத்து நோய் அல்ல, பிள்ளைகளே.)

படங்கள் செய்தித்தாளில் வந்தன. அந்த முகாமுக்கு 20,000 பவுண்டு, அதாவது சுமார் ஒன்பது டன், உணவு போய்ச் சேர்ந்தது. ஆனால் படத்தில் இருந்த தாய் அதற்குள் வேறு வேலை தேடிப் பிள்ளைகளோடு கிளம்பிப் போய்விட்டாள்.

அவள் தன் வயதைச் சொன்னாள், லாங் பெயரைக் கேட்கவில்லை. தபால்தலை வரைக்கும் போன அந்த முகத்தின் பெயர் 1978-ல்தான் வெளியே தெரிந்தது: ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன், செரோக்கி பழங்குடிப் பெண். நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து! அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை, அதை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று அவர் மனம் கசந்து சொன்னார். நியாயமாகப் பேச வேண்டும் என்றால், அது அரசாங்கத்துப் படம். லாங்குக்கும் அதில் உரிமைத்தொகை கிடையாது. நல்ல எண்ணத்தோடுதான் அவர் அங்கே திரும்பிப் போனார். இருந்தாலும் அந்தக் கசப்பு எனக்குப் புரிகிறது.

இப்போது முட்புதருக்கு வாருங்கள். ஆண்டவர் முதலில் என்ன செய்கிறார்? பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், இரண்டு முறை. பிறகு தம் மக்கள் எகிப்தில் படும் துன்பத்தைக் கண்டதாகச் சொல்கிறார். அழுகுரலைக் கேட்டதாக, வேதனையை அறிந்திருப்பதாக, விடுவிக்க இறங்கி வந்திருப்பதாகச் சொல்கிறார். கண்டதோடு அவர் நிற்கவில்லை. மோசே பெயரைக் கேட்டபோது தம் பெயரையும் சொல்கிறார். பார்ப்பது என்றால் ஆண்டவரிடம் அது இவ்வளவும் சேர்ந்தது. லாங் அதில் முதல் படியை மிக அருமையாக ஏறினார். நாம் பல நேரம் அந்த முதல் படிக்கே வருவதில்லை.

வெள்ள நேரத்தில் நாமும் அரிசி கொடுத்தோம். நல்ல காரியம். வாட்ஸ்அப்பில் படங்கள் வந்தன. ஒரே ஒரு அரிசிப் பையை ஐந்து பேர் பிடித்திருக்கிறோம், நடுவில் ஒரு பாட்டி. ஐந்து பேரும் கேமராவைப் பார்க்கிறோம், பாட்டி பையைப் பார்க்கிறாள். அந்தப் பாட்டியின் பெயர் என்ன என்று பிறகு கேட்டேன். “மூணாவது தெரு பாட்டி, சாமி” என்றார்கள். எத்தனை வருடமாக அந்தத் தெருவில் இருக்கிறாள்!

தூரத்து இடங்களுக்குப் போவதே தவறு என்று சொல்ல வரவில்லை. மலையும் கடலும் ஆண்டவர் படைத்தவைதான். அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கை ஆன்சல் ஆடம்ஸ் எடுத்த படங்களைப் பார்த்தால் முழங்காலிடத் தோன்றும். ஆனால் அவர் 1916-ல் பதினான்கு வயதுப் பையனாக அங்கே முதலில் போனார், அதன் பிறகு ஆண்டுதோறும் போய்க்கொண்டே இருந்தார். பேர்பெற்ற முதல் படம் 1927-ல்தான் வந்தது. அதற்குள் அந்த இடம் அவருக்கு வெளியூராக இருக்கவில்லை.

நற்செய்திக்கு வருவோம். அத்திமரத்துக்கு முன்னால் இரண்டு பேர். ஒருவர் மூன்று ஆண்டுகளாக வருகிறார், கனி இருக்கிறதா என்று பார்க்கிறார், இல்லை என்றதும் வெட்டச் சொல்கிறார். இன்னொருவர் அந்த மரத்தோடேயே கிடப்பவர். இந்த ஆண்டும் விட்டுவையுங்கள், சுற்றிக் கொத்தி எரு போடுகிறேன் என்கிறார். உவமையில் யார் கடவுள், யார் இயேசு என்று இறையியல் படித்தவர்கள் பேசட்டும். எனக்கு இன்று உறைப்பது இதுதான்: ஒரே மரம், இரண்டு பேர் பார்க்கிறார்கள், வந்து பார்த்துப் போகிறவருக்குத் தெரியாத ஒன்று கூடவே இருக்கிறவருக்குத் தெரிகிறது.

பிராக் நகரத்தில் யோசெஃப் சுதெக் என்று ஒருவர் இருந்தார். புத்தகம் பைண்டிங் செய்கிற தொழிலாளி. முதல் உலகப் போரில் இத்தாலிப் போர்முனையில் வலது கை போயிற்று. பைண்டிங் வேலையும் போயிற்று. ஒரு கையோடு, கனமான மரக் கேமராவையும் முக்காலியையும் தோளில் சுமந்துகொண்டு படம் எடுப்பதையே தொழிலாக்கிக்கொண்டார். 1926-ல் இசைக்கலைஞர்களான நண்பர்கள் இத்தாலிக்குக் கச்சேரி செய்யப் போனபோது இவரையும் அழைத்துப் போனார்கள். இத்தாலி! படம் எடுக்கிறவனுக்கு வேறென்ன வேண்டும்? ஒரு கச்சேரியின் நடுவிலேயே அவர் எழுந்து வெளியேறி, தம் கை போன அந்த இடத்தைத் தேடிப் போனார். வயல்வெளியைக் கண்டுபிடித்தார். கை அங்கே இல்லை. எங்கே இருக்கும்? இரண்டு மாதம் கழித்துத்தான் பிராக் திரும்பினார். அதன் பிறகு வெளிநாட்டுப் பயணமே வேண்டாம் என்று இருந்துவிட்டார்.

1940 முதல் 1954 வரை அவர் எடுத்த படங்களில் பெரும் புகழ் பெற்றவை அவருடைய ஸ்டூடியோ ஜன்னலில் எடுத்தவை. அது தோட்டத்து மரக் கொட்டகை. தொடக்க ஆண்டுகளில் வெளியே ஜெர்மானியப் படை ஆக்கிரமிப்பு. நினைத்த இடத்தில் நின்று கேமராவை விரிக்க முடியாத காலம். ஜன்னல் கண்ணாடியில் மூச்சின் ஈரம் படிந்திருக்கும். சில நாள் பனி உறைந்திருக்கும், சில நாள் நீர் கோடு கோடாக வடிந்திருக்கும். அந்தக் கண்ணாடிக்கு அப்பால் முறுக்கிக்கொண்டு வளர்ந்த ஒரு கோணல் மரம். இலை வந்த மரம், இலை உதிர்ந்த மரம், பனி சுமந்த மரம். அதே மரம்தான். பதினான்கு ஆண்டுகள் அது அவருக்கு அலுக்கவில்லை. அந்த மரத்தை வெட்டிவிடலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று நம் நற்செய்தித் தோட்டக்காரரைக் கேட்டால் தெரியும்.

நம் வீடுகளில் இப்படி எத்தனை மரங்கள். பேரன் பிறந்த அன்றிலிருந்து அவனை நூற்றுக்கணக்கில் படம் எடுத்திருப்போம். அவனைக் குளிப்பாட்டி, சாம்பிராணி போட்டு, மடியில் போட்டுத் தூங்கவைக்கிற அம்மாச்சியின் படம் ஒன்றுகூட இருக்காது. அவர் இறந்த அன்று மாலை, கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குப் படம் தேடுகிறோம். கிடைப்பது ரேஷன் கார்டுக்கு எடுத்த படம். மந்திரிப்புக்குப் போகிற வீடுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது.

கோவிலுக்குள்ளும் ஒரு வார்த்தை. எழுந்தேற்றத்தின்போது நான் அப்பத்தை உயர்த்துகிறேன். பீடத்திலிருந்து பார்த்தால் புதுநன்மை அன்றைக்கு முகங்களே தெரிவதில்லை, மொபைல்தான் தெரிகிறது. நீங்கள் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிற அந்த நேரத்தில் பிள்ளை திரும்பி உங்களைத் தேடுகிறது. இந்த ஆண்டு படம் எடுக்க ஒருவரை ஏற்பாடு செய்திருக்கிறோம், எல்லார் வீட்டுக்கும் ஒரு பிரதி வரும். நீங்கள் பிள்ளையைப் பாருங்கள்.

தவக்காலத்தில் ஒறுத்தல் முயற்சி என்ன செய்யலாம் என்று அன்பியப் பொறுப்பாளர்கள் கேட்டீர்கள். இதைச் செய்யுங்கள். குருத்து ஞாயிறுக்குள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரே ஒரு படம். உங்கள் தெருவைத் தாண்டிப் போகக் கூடாது. இத்தனை நாள் பெயர் தெரியாமலே தலையாட்டிவிட்டுப் போன ஒருவரிடம் போங்கள்: பால் ஊற்றுகிறவர், குப்பை எடுக்க வருகிற அக்கா, வாசலில் உட்கார்ந்தே இருக்கிற தாத்தா, யாராக இருந்தாலும் சரி. கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்பதில்லை. முதலில் பெயரைக் கேளுங்கள். உட்கார்ந்து பேசுங்கள். பிறகு, எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள். ஸ்டேட்டஸில் போட வேண்டாம், கோவில் பலகையிலும் ஒட்டப் போவதில்லை. இளையோர் இயக்கத்துப் பிள்ளைகள் பிரிண்ட் போட்டுத் தருவார்கள், செலவு பங்கினுடையது. பின்பக்கத்தில் பெயரை எழுதி, அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள். படம் வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் மொபைலைப் பையில் போட்டுவிட்டு, கொடுக்கிற டீயைக் குடித்துவிட்டு வாருங்கள். அதுவும் கணக்கில் சேரும்.

எழுந்து நிற்போம். நம்பிக்கை அறிக்கை.