எவ்வளவு வீடு போதும்?

குறைந்த செலவில், இயற்கையைக் கெடுக்காமல் வீடு கட்டுவது எப்படி என்ற கேள்வி வழக்கமாகப் பொறியாளரிடம் போய்ச் சேருகிறது. அவருடைய விடை செங்கல், சிமென்ட், கம்பி என்று கணக்காக வந்துவிடும். ஆனால் அந்தக் கணக்குக்கு முன்னால் நிற்கும் கேள்வி ஒன்று உண்டு: ஒரு குடும்பம் தன் இருப்பிடத்துக்காக மண்ணிடமிருந்தும், மற்ற உயிர்களிடமிருந்தும், அக்கம்பக்கத்தாரிடமிருந்தும் எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம்? இது அறத்தைச் சேர்ந்த கேள்வி. பழைய நூல்களில் இதைச் சாண் கணக்கு வரை இறங்கி ஆராய்ந்தது பௌத்தத்தின் விநயபிடகம். நவீன காலத்தில் தமிழ்ப் பௌத்தம் தமிழகத்துக்கு வெளியே வேர்விட்ட ஊர்களில் முக்கியமானது கோலார் தங்கவயல். அதற்கு ரயில் வாசலாக இருக்கும் பங்காருபேட்டையில் இன்று வயல்கள் மனைகளாகி வருகின்றன. நூல் சொல்வதையும் நிலம் சொல்வதையும் சேர்த்துப் பார்க்க ஏற்ற இடம் இது.

தனியரின் செந்நிறக் குடில்

இராசகிருகத்துக்கு அருகே இசிகிலி மலைச் சரிவில் தனியர் என்ற துறவி புல்லால் குடில் வேய்ந்து தங்கியிருந்தார். அவர் பிச்சைக்குப் போன நேரத்தில் புல்லும் விறகும் பொறுக்க வந்தவர்கள் குடிலைப் பிரித்து எடுத்துப் போனார்கள். மூன்று முறை இப்படி நடந்தது. தனியர் குயவர் குடியில் பிறந்தவர்; மண் அவருக்குக் கைவந்த கலை. மண்ணைப் பிசைந்து முழுக்க மண்ணாலேயே ஒரு குடில் எழுப்பினார். புல், விறகு, வறட்டி ஆகியவற்றைக் குவித்து அதைச் சூளைபோல் சுட்டெடுத்தார். குடில் செக்கச்செவேலென்று அழகாக அமைந்தது. தட்டினால் மணிபோல ஒலித்தது.

மலையிலிருந்து இறங்கி வந்த புத்தர் அதைக் கண்டு, இதைச் செய்தவருக்கு உயிர்கள்மீது இரக்கம் இல்லையா என்று கேட்டார். குடிலை இடிக்கச் சொன்னார். அன்றிலிருந்து முழுவதும் மண்ணாலேயே துறவி குடில் கட்டுவது குற்றம் என்று விதியானது. தனியர் செலவு செய்யவில்லை, பிறர் நிலத்தைப் பறிக்கவில்லை, ஆடம்பரமும் செய்யவில்லை. மண்ணிலும் புல்லிலும் விறகிலும் இருந்த சிற்றுயிர்கள் வெந்ததுதான் குறை. ஆகவே ஒரு வீட்டின் குற்றத்தை அளக்கும்போது கட்டி முடித்த தோற்றமும் ஆன செலவும் போதாது, அது உருவான வழியையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது இந்தக் கதையிலிருந்து கிடைக்கும் முதல் நெறி.

இந்த அக்கறை பௌத்தத்துக்கு மட்டும் உரியதன்று. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதை, தெய்வ உருவம் செய்ய மரம் வெட்டுவதற்கு முன், அம்மரத்தில் குடியிருப்பவை படையலை ஏற்று வேறிடம் பெயர வேண்டும் என்று வேண்டிக்கொள்ளச் சொல்கிறது. சமணம் அகிம்சையையும் உடைமை மிகாமையையும் ஒன்றோடொன்று பிணைத்தே விரதமாக வைத்தது. மனை கோலும்போது செய்யும் பூமி பூஜையிலும் மண்ணிடம் அனுமதி கேட்கும் கருத்து இருக்கிறது. பூஜை முடிந்த மறுநாளே ஜேசிபி வந்து மனையில் இருந்த வேப்பமரத்தைப் பெயர்த்தால், கேட்ட அனுமதிக்குப் பொருள் இல்லாமல் போகிறது.

ஆளவியில் வந்த அளவு

இரண்டாவது நெறி ஆளவி நகரத்துக் கதையில் இருக்கிறது. அங்கே துறவிகள் தங்களுக்கென்று குடில் கட்டத் தொடங்கினார்கள். புரவலர் எவரும் இல்லை, எல்லையும் இல்லை. ஆள் கொடு, மாடு கொடு, வண்டி கொடு, கோடரி கொடு என்று ஊராரிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். துறவிகளைக் கண்டாலே மக்கள் கதவைச் சாத்தினார்கள், வேறு தெருவில் திரும்பினார்கள். தூரத்தில் பசுவைக் கண்டுகூடத் துறவி என்று நினைத்து ஓடினார்கள் என்கிறது விநயம்.

அதன்பின் வந்த விதி நான்கு நிபந்தனைகளை வைத்தது. புரவலர் இல்லாமல் தனக்கெனக் கட்டும் குடில் உள்ளளவில் புத்தரின் சாணால் 12 சாண் நீளம், 7 சாண் அகலத்துக்கு மிகக்கூடாது. அந்தச் சாண் எவ்வளவு என்பதில் உரைகாரர்கள் ஒத்துப்போவதில்லை. 25 சென்டிமீட்டர் என்று கொண்டால் குடில் 3 மீட்டருக்கு 1¾ மீட்டர் வரும். அடுத்து, இடத்தை மற்ற துறவிகள் வந்து பார்த்து ஒப்ப வேண்டும். அங்கே உயிர்களின் புற்றோ வளையோ இருக்கக்கூடாது. கட்டடத்தைச் சுற்றிவரவும் இடம் இருக்க வேண்டும்.

புரவலர் ஒருவர் முன்வந்து பெரிய விகாரை கட்டித் தந்தால் அளவுக்கு வரம்பு இல்லை. ஆனால் இடத்தைப் பார்வையிடும் நிபந்தனை அப்போதும் நீங்குவதில்லை. பணம் இருந்தால் அளவு பெருகலாம், இடத்தின் பொறுப்பு மட்டும் குறையாது என்பது இதன் பொருள். இன்றைய கட்டட விதிகள் பக்கவாட்டில் இடம்விடச் சொல்வதும் இதே தர்க்கத்தில்தான்.

இல்லறத்தாரின் கணக்கு

விநயம் துறவிகளுக்கானது. மனைவி, மக்கள், வயதான பெற்றோர், வந்துபோகும் உறவு என்று வாழும் குடும்பத்தை 12 சாணுக்குள் அடைக்கச் சொல்வது நியாயமில்லை. இல்லறத்தாருக்குப் புத்தர் சொன்னவை வேறு இடங்களில் இருக்கின்றன. சிகாலோவாத சூத்திரம் வருவாயை நான்காகப் பிரிக்கிறது: ஒரு பங்கு அனுபவிக்க, இரண்டு பங்கு தொழிலில் இட, ஒரு பங்கு ஆபத்துக் காலத்துக்கு. வீட்டு வாடகையோ மாதத் தவணையோ அனுபவிக்கும் பங்கிலிருந்து வர வேண்டியது. அது தொழில் முதலையும் ஆபத்துக்கான சேமிப்பையும் விழுங்கினால் அந்த வீடு அளவு மீறிவிட்டது.

செல்வர் அனாதபிண்டிகருக்குச் சொன்ன நான்கு இன்பங்களில் ஒன்று கடனில்லாமை. பொருள் இருப்பது, அதை அனுபவிப்பது, கடன் இல்லாதிருப்பது, பழி இல்லாதிருப்பது என்பது அந்த வரிசை. ‘வீட்டைக் கட்டிப்பார்’ என்று ஊரில் சொல்லும் எச்சரிக்கைக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. கனவு வீடு இந்த நான்கில் முதல் இரண்டைத் தந்து கடைசி இரண்டைப் பறிக்குமானால், அதற்குக் கொடுத்த விலை அதிகம்.

லைன் வீடு கற்பிப்பது

சிறிய வீடு, குறைந்த பொருள், குறைந்த செலவு ஆகியவை மட்டுமே அறம் என்றால் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு உலகிலேயே சிறந்த வீடாக இருந்திருக்க வேண்டும். ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் 1880-இல் இங்கே வந்தபின் வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் வந்து குவிந்தனர். அவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். பங்காருபேட்டையிலிருந்து தங்கவயலின் மாரிக்குப்பம் வரை 1894-இல் ரயில் பாதை வந்தது. தொழிலாளருக்குக் கிடைத்தது ‘லைன்’: மூங்கில் தட்டிச் சுவரும் தகரக் கூரையுமாக ஒட்டி ஒட்டி நின்ற சிறு வீடுகளின் வரிசை. அதிகாரிகளுக்குத் தோட்டத்துடன் பங்களா. சுரங்கத்துக்குள் பாறை வெடிப்பு நேரும்போது மேலே வீடுகள் குலுங்கின. தாதுவை அரைத்து மிஞ்சிய தூள் ‘சயனைடு மேடு’களாகக் குவிந்து, காற்றடிக்கும் காலத்தில் அந்தத் தூசி குடியிருப்புகள்மேல் படிந்தது. தங்கம் எங்கோ போயிற்று. அதன் கழிவு இங்கே தங்கிற்று.

இந்த ஊரில்தான் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பண்டிதர் அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் வலுப்பெற்றது. மாரிக்குப்பத்தில் சாக்கைய பௌத்த சங்கத்தின் கிளை இயங்கியது. சித்தார்த்தா புத்தகசாலை அவருடைய நூல்களை வெளியிட்டது. அவருடைய ‘தமிழன்’ இதழைப் பின்னாளில் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து நடத்தினார். தட்டி வீட்டில் வாழ்ந்தவர்கள் இந்த இயக்கத்தில் சேர்ந்தது ஆசையை அடக்கக் கற்பதற்காக என்று சொல்ல முடியாது. சாதி மறுத்த மதிப்பை மீட்பதே அவர்களுடைய நோக்கம்.

இங்கிருந்து மூன்றாவது நெறி பிறக்கிறது. அளவை யார் வைக்கிறார்கள் என்பது அளவைப்போலவே முக்கியம். தானே வைத்துக்கொண்ட வரம்பு எளிமை. பிறர் சுமத்திய வரம்பு இல்லாமை. காற்றும் வெளிச்சமும் கழிப்பறையும் தனிமையும் இல்லாத இடத்தில் எளிமையைப் போதிக்க எவருக்கும் உரிமையில்லை. வீட்டின்மீது உரிமை இல்லாமையும் இதில் சேரும். சுரங்கங்களைப் பின்னர் நடத்திய பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டபோது வேலையோடு சேர்ந்து இருப்பிடமும் கேள்விக்குறியானது. ஏனெனில் லைன் வீடு குடியிருந்தவருடையதன்று, நிறுவனத்துடையது. ஆகவே போதுமான வீடு என்பதற்கு மேல்வரம்பு இருப்பதுபோலக் கீழ்வரம்பும் உண்டு.

பங்காருபேட்டையின் மண்ணும் கல்லும்

பெங்களூருக்கு ரயிலில் போய்வரும் வேலையாட்கள் பங்காருபேட்டையில் வாங்குவது பெரும்பாலும் ‘முப்பது நாற்பது சைட்’, அதாவது 1,200 சதுர அடி. மூன்று நெறிகளையும் அந்த மனையில் பொருத்திப் பார்க்கலாம்.

முதலில் சுவர். ரயில் வழியில் உள்ள மாலூர் செங்கல்லுக்கும் ஓட்டுக்கும் பெயர்போனது. செங்கல்லுக்கு நல்ல களிமண் வேண்டும், சூளைக்கு எரிபொருள் வேண்டும்; தனியரின் குடில்மீது எழுந்த கேள்வி இங்கும் எழுகிறது. மாற்று வழி பெங்களூரிலேயே உருவானது. இந்திய அறிவியல் கழகத்தில் 1974-இல் தொடங்கிய அஸ்த்ரா என்ற பிரிவு, சுடாத அழுத்த மண்கல்லைச் செம்மைப்படுத்தியது. அதற்கு வேண்டியது இந்தப் பகுதியின் செம்மண்தான். சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) தோண்டும்போது வரும் மண்ணைச் சலித்து, களி அதிகமாக இருந்தால் மணல் கலந்து, நூற்றுக்கு ஆறு முதல் எட்டுப் பங்கு சிமென்ட் சேர்த்து லேசாக ஈரமாக்குவார்கள். ஒருவர் அச்சில் மண்ணை நிரப்ப, மற்றொருவர் நெம்புகோலை இழுத்து அழுத்துவார். வெளியே வரும் கல்லை அடுக்கி, ஈரச் சாக்குப் போட்டு மூன்று வாரம் நனைத்தால் கல் தயார். அதே அளவு செங்கல் சுவருக்கு ஆகும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே இதற்கு ஆகிறது. மழைச் சாரல் நேரே அடிக்காதபடி கூரை வெளியே நீள வேண்டும். அடித்தளம் கருங்கல்லாக இருக்க வேண்டும். கோலார் வட்டாரத்தில் சைஸ் கல்லுக்கு, அதாவது அளவாக உடைத்த கருங்கல்லுக்கு, பஞ்சமில்லை.

செங்கல்தான் வேண்டும் என்றால் லாரி பேக்கர் பரப்பிய ‘எலிப்பொறிக் கட்டு’ முறையில் கல்லைக் குத்திட்டு வைத்து, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டலாம். சுமார் நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும். வெற்றிடத்தால் வீட்டுக்குள் வெப்பமும் குறையும். பிரிட்டனில் பிறந்த பேக்கர், எளிமையை வாழ்வுநெறியாகவே கருதும் குவேக்கர் கிறிஸ்தவ மரபைச் சேர்ந்தவர். ஐந்து மைல் சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும் பொருளால் வீடு கட்ட வேண்டும் என்று காந்தி சொன்னதே தன்னை வழிநடத்தியது என்று அவர் கூறிவந்தார். கூரைத் தளத்தின் கீழ்ப்பகுதியில் கான்கிரீட்டுக்குப் பதில் பழைய ஓடுகளைப் பதிப்பதும் அவர் பரவலாக்கிய முறையே.

அடுத்து தண்ணீர். கோலார் மாவட்டத்தில் வற்றாத ஆறு இல்லை. ஏரிகள் வறண்டு, ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியைத் தாண்டியபின், 2018 முதல் பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீர் இங்குள்ள ஏரிகளுக்கு வருகிறது. ஆண்டுக்கு 700 மில்லிமீட்டர் மழை என்று கொண்டால் ஆயிரம் சதுர அடிக் கூரையில் 65,000 லிட்டர் விழும். ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்தாலே 52,000 லிட்டர். நான்கு பேருக்குச் சமைக்கவும் குடிக்கவும் நாளொன்றுக்கு 60 லிட்டர் என்றால் ஆண்டுத் தேவை 22,000 லிட்டருக்குள் அடங்கிவிடும். பக்கத்து வீட்டாரின் போரைவிட ஆழமாக ஒரு போர் போடுவது, ஆளவித் துறவிகள் கேட்டு வாங்கியதைக் கேளாமலே எடுத்துக்கொள்வதாகும்.

கடைசியாக அளவு. மனை முழுவதையும் கான்கிரீட்டால் நிரப்பாமல் கால் பங்கைத் திறந்த மண்ணாக விட்டால் மழை இறங்க இடமும், ஒரு மரம் நிற்க இடமும் கிடைக்கும். இன்று தேவையான அறைகளை மட்டும் கட்டி, மாடிக்கு வேண்டிய பலத்தை அடித்தளத்தில் வைத்துவிட்டால், வருவாய் பெருகும்போது வீடும் கடனின்றி வளரும்.

இரண்டு மறுப்புகள்

எல்லோரும் மண்கல்லுக்கு மாறினால் சூளைத் தொழிலாளர் பிழைப்பு என்ன ஆகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மண்கல்லை அழுத்தவும் அடுக்கவும் நனைக்கவும் ஆட்கள் தேவை. எரிபொருளுக்குப் போகும் பணத்தில் ஒரு பகுதி கூலியாகிறது. இருக்கும் ஆட்களைக் கைவிடாமல் தொழிலை மாற்றுவது கொத்தனாரும் வீட்டுக்காரரும் சேர்ந்து ஏற்க வேண்டிய பொறுப்பு.

பெங்களூரில் மாடமாளிகைகள் எழும்போது பங்காருபேட்டையில் ஒரு வீடு அடங்கி நின்று என்ன மாறிவிடும் என்பது இரண்டாவது மறுப்பு. உலகம் மாறாமல் போகலாம். ஆனால் விநயம் குற்றத்தைச் செய்தவரிடமே கேட்டது. பிறர் செய்வதை அளவுகோலாக வைக்கவில்லை. பெரிய வீட்டுக்காரர்களிடமும் அரசிடமும் கேட்க வேண்டியவை தனியே இருக்கின்றன. ஆனால் அவை இன்னும் கேட்கப்படவில்லை என்பது தன் கணக்கைத் தள்ளிப்போடக் காரணமாகாது.

வரைபடத்தில் கையெழுத்திடும் முன் கட்டுபவர் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்ள வேண்டும்: இந்த வீடு உருவாக எவை அழிகின்றன? இதன் பாரம் யார் தலையில் விழுகிறது? இந்த அளவை வைத்தது குடும்பத்தின் தேவையா, ஊரின் பார்வையா? மூன்றுக்கும் கூசாமல் விடை சொல்ல முடிந்த வீடே போதுமான வீடு. அது பெரும்பாலும் கட்டத் திட்டமிட்டதைவிடச் சிறியதாகவும், கையிருப்புக்குள் அடங்குவதாகவும் இருக்கும்.