பொதுவில் வைத்த உழைப்பு யாருடைய பொறுப்பு?

உழைப்பின் பயன் யாருக்கு உரியது என்னும் வினா பழையது. நிலத்தையும் ஆலையையும் தோட்டத்தையும் பற்றி எழுந்த அவ்வினா, இன்று கணினி நிரல்களைப் பற்றியும் எழுந்துள்ளது. இந்நிரல்களுள் ஒரு பகுதி, எழுதியோராலேயே பொதுவில் வைக்கப்பட்டது. யாரும் அதனை வாசிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம், விலை கொடுக்க வேண்டியதில்லை. இதனையே திறந்த மூல மென்பொருள் என்பர். இலாப வேட்கை ஆட்சி புரியும் ஒரு துறையின் நடுவே இத்தகைய பொதுமை தழைத்தமை மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், அந்நிரலை எழுதுவோருக்குச் சம்பளம் கொடுக்கும் கம்பனியை வேறொரு கம்பனி வாங்கிவிட்டால், அப்பொதுச் சொத்தின் கதி என்னவாகும்? அதனைப் பேணும் கடமை யாரைச் சாரும்? இது சட்டத்தால் மட்டும் விடை காணக்கூடிய வினா அன்று. அறத்தைச் சார்ந்த வினாவுமாகும்.

கிரெயில்ஸ் என்னும் வலைச் சட்டகத்தின் வரலாறு இதனைத் தெளிவாக்கும். கேட்பவருக்கு உரிய பக்கத்தைக் காட்டுதல், படிவத்தில் வரும் விபரங்களைச் சரிபார்த்தல், அவற்றைத் தரவுத்தளத்திற் சேமித்தல் முதலிய வேலைகள் எல்லா இணையத்தளங்களுக்கும் பொதுவானவை. ஒவ்வொருவரும் இவற்றை அடியிலிருந்து எழுதாதவாறு, ஒரு முறை எழுதிப் பலருக்கும் பயன்படும்படி அமைத்ததே சட்டகம். வீடு கட்டுவோனுக்கு அத்திவாரமும் கூரைச் சட்டமும் ஆயத்தமாகக் கிடைப்பதை இஃது ஒக்கும்.

கிரெயில்ஸ் 2005இல் தொடங்கப்பட்டது. குரூவி என்னும் நிரல்மொழியை ஆதாரமாகக் கொண்டது. 2008 பெப்ரவரியில் அதன் 1.0 பதிப்பு வெளிவந்தது. இவ்விரண்டின் முன்னோடிகள் சேர்ந்து ஜி2வன் என்னும் சிறு கம்பனியை அமைத்திருந்தனர். 2008 நவம்பரில் அதனை ஸ்பிரிங்சோர்ஸ் வாங்கியது. 2009இல் ஸ்பிரிங்சோர்ஸைச் சுமார் 42 கோடி டொலருக்கு வி.எம்.வெயார் வாங்கியது. 2013இல் வி.எம்.வெயாரும் அதன் தாய்க் கம்பனியான ஈ.எம்.சி.யும் தம் சொத்துக்கள் சிலவற்றைப் பிரித்துப் பிவோட்டல் என்னும் புதிய கம்பனியை உருவாக்கின. கிரெயில்ஸ் அதன் பங்கிற் சேர்ந்தது. ஐந்தாண்டுக்குள் மூன்று முறை எசமானர் மாறினர். இம்மாற்றங்களுள் எதுவும் இச்சட்டகத்தைப் பயன்படுத்திய நிரலாளரைக் கேட்டு நிகழ்ந்ததன்று.

2015 ஜனவரியிற் பிவோட்டல் தன் முடிவை அறிவித்தது: குரூவிக்கும் கிரெயில்ஸுக்கும் அளித்துவந்த பண ஆதரவு மார்ச் 31ஆந் திகதியோடு நிறுத்தப்படும். நிரல் பழுதடைந்ததாலோ, பயன்படுத்துவோர் இல்லாததாலோ இந்நிலை நேரவில்லை. கம்பனி தன் மூலதனத்தை வேறு துறைகளிற் செலுத்த விரும்பியது, அவ்வளவே. கிரெயில்ஸின் 3.0 பதிப்பு ஆயத்தமாகிக்கொண்டிருந்த வேளையில், அதனை எழுதிக்கொண்டிருந்தவர்கள் தமக்குப் புதிய புகலிடம் தேட வேண்டியவராயினர்.

பொதுச் சொத்தைக் கம்பனி பறித்துக்கொண்டது என்று இதனை வாசித்தோர் எண்ணக்கூடும். உண்மை வேறு. கிரெயில்ஸ் அப்பாச்சி உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. அதன் ஒரு வரியைத்தானும் யாரும் மீளப் பெற முடியாது. மார்ச் 31இன் பின்னரும் நிரல் முழுவதும் பொதுவிலேயே இருந்தது. மறைந்தது வேறொன்று: காலையில் எழுந்து அந்நிரலைத் திருத்துவதையே தொழிலாகக் கொண்ட மனிதரின் சம்பளம்.

ஆகவே திறந்த மூலம் என்று நாம் பொதுப்படக் கூறுவதனுள் மூன்று கூறுகள் அடங்கியுள்ளன என்க. ஒன்று எழுத்து, மற்றையது பெயர், மூன்றாவது கரங்கள். உரிமம் காப்பது எழுத்தை மாத்திரமே. பெயர் வேறொருவர் உடைமையாதல் கூடும். 2010 ஜனவரியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸை ஒராக்கிள் வாங்கியபின், ஓப்பின்ஒபிஸ் என்னும் அலுவலக மென்பொருளை வளர்த்தோருட் பலர் தம் பணியைத் தனியே தொடர விரும்பினர். நிரலை எடுத்துச் செல்ல முடிந்தது. பெயரை எடுத்துச் செல்ல முடியவில்லை. அதனால் அவ்வாண்டு செப்தெம்பரில் லிப்ரேஒபிஸ் என்னும் புதுப் பெயரைப் பூண்டனர். ஹட்சன் என்ற நிரற்கருவியும் இவ்வாறே 2011இல் ஜென்கின்ஸ் ஆயிற்று. எழுத்தும் பெயரும் ஒருபுறமிருக்க, கரங்களைக் காக்கும் உரிமம் எதுவும் இதுவரை எழுதப்படவில்லை.

இங்கே இருவகை மறுப்பு எழும். இலவசமாகக் கொடுத்தவன் எப்பொழுதும் நிறுத்தலாம், கொடையிற் கடமை ஏது என்பர் ஒரு சாரார். கம்பனி அறச்சாலை அன்று, இலாபமில்லாத இடத்தில் அது நிற்குமென எதிர்பார்ப்பதே பேதைமை என்பர் மற்றொரு சாரார். இரண்டாவது கூற்றில் உண்மை உண்டு. பிவோட்டல் இரண்டு மாதத்திற்கு மேல் அவகாசம் கொடுத்தது, சட்டத்தை மீறவில்லை. அதனைக் கொடியோனாகச் சித்திரித்து மனம் ஆறுவது எளிது, அதனாற் பயனில்லை. பலருக்குப் பயன்படும் ஒரு பொருளின் பராமரிப்பு, ஒரே ஒரு முதலாளியின் இலாபக் கணக்கில் தொங்கும்படி விடப்பட்டதே இங்குள்ள குறைபாடு.

முதலாவது கூற்றோ கேள்வியைத் திசை திருப்புகின்றது. கொடுத்தவன் கடமையை ஆராயும் நாம், பெற்றவன் கடமையை ஏன் ஆராய்வதில்லை? 2014 ஏப்பிரலில் ஓப்பின்எஸ்.எஸ்.எல். என்னும் பாதுகாப்பு நிரலிற் பெருங் குறையொன்று வெளிப்பட்டது. உலகின் எண்ணற்ற இணையத்தளங்கள் தம் இரகசியங்களை அந்நிரலை நம்பியே ஒப்படைத்திருந்தன. அதனைப் பேணியோர் ஒரு கைவிரலால் எண்ணத்தக்க சிலர். அவர்களுக்கு நன்கொடையாக ஆண்டுதோறும் கிடைத்தது சுமார் 2,000 டொலர். அதனாற் பொருளீட்டிய கம்பனிகளின் செல்வத்தோடு இத்தொகையை ஒப்பிட்டு நோக்குக. சுதந்திரம் என்னும் சொல்லின் நிழலில், ஊதியமற்ற உழைப்பைச் சுரண்டும் பழைய உறவே இங்கு மீண்டும் தலைகாட்டுகின்றது.

நம் நாட்டு வரலாறும் இதற்கொரு பாடம் தரும். 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய உழைப்பு ஒழிந்தமை நியாயமே. ஆயின் குளக்கட்டைப் பேணும் கூட்டுக் கடமைக்கு மாற்று ஏற்பாடு செய்யப்படாமையாற் கிராமக் குளங்கள் பல சீர்கெட்டன. பழைய நீர்ப்பாசன வழமைகளுக்கு வலுவூட்ட 1856இற் கட்டளைச் சட்டமொன்று இயற்ற வேண்டியதாயிற்று. குளத்து நீரைப் பெறும் உரிமை எல்லாருக்கும் இருந்தாலும், கட்டை யார் திருத்துவர் என்பது தீர்மானிக்கப்படாதவிடத்து அவ்வுரிமை மெல்ல வற்றிப்போகும்.

கிரெயில்ஸ் அழிந்துபோகவில்லை. 2015 ஏப்பிரலில் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரிலுள்ள ஒப்ஜெக்ட் கொம்பியூட்டிங் என்னும் கம்பனி அதன் முதன்மை நிரலாளரை வேலைக்கு அமர்த்திக்கொண்டது. குரூவி அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையிற் சேர்ந்தது. இவ்விரு வழிகளும் சிந்திக்கத்தக்கவை. முதலாவது வழி சம்பளத்தைக் காத்தது. ஆனால் மீண்டும் ஒரு தனி முதலாளியின் கையில். இரண்டாவது வழி பெயரையும் நிருவாகத்தையும் பொதுவாக்கிற்று. ஆனால் அவ்வறக்கட்டளை நிரலாளருக்கு நிரல் எழுதச் சம்பளம் வழங்குவதில்லை. இரண்டும் தனித்தனியே அரைவழிகள்.

முழுவழி எது? பெயர் ஒரு பொது அமைப்பிடம் இருத்தல் வேண்டும். பராமரிப்போரின் ஊதியம் பல மூலங்களிலிருந்து வருதல் வேண்டும். பயன்படுத்தும் கம்பனிகள் மட்டுமன்றி, அரசாங்கங்களும் பல்கலைக்கழகங்களும் தாம் பெறும் பயனுக்கேற்பப் பங்களித்தல் வேண்டும். பணம் கொடுக்க இயலாதோர் பிழைகளை ஆராய்ந்து அறிவிக்கலாம், விளக்க நூல்களை எழுதலாம், மொழிபெயர்க்கலாம். மாணவர்க்கு இம்மென்பொருள்களைக் கற்பிக்கும் ஆசிரியர், இலவசமாகக் கிடைக்கிறது என்ற செய்தியோடு நின்றுவிடாது, இதனை எழுதியவர் யார், அவருக்கு இன்று யார் சம்பளம் கொடுக்கின்றார் என்ற கேள்விகளையும் வகுப்பில் எழுப்புதல் வேண்டும். பொதுவுடைமையை விரும்புவோர், பொதுப் பராமரிப்பையும் தம் கொள்கையின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொள்ளுதல் கடனாகும்.