பயன் தராத கொடிக்கு நீர் ஊற்றலாமா?

காயோ கனியோ தராத அலங்காரக் கொடி ஒன்றுக்கு நீர் ஊற்றுவது, தண்ணீர்க் குடங்கள் வரிசையில் காத்திருக்கும் வறண்ட ஊரில் தோட்டக்கலை பற்றிய கேள்வியாக மட்டும் இருக்க முடியாது. அது அறம் பற்றிய கேள்வி. கோலார் தங்கவயல் அத்தகைய ஊர். அலங்காரக் கொடிகளில், ஆங்கிலேயர் விரும்பி வளர்த்த ஐவி குளிர்நாட்டுக் கொடி. உதகையின் குளிரில் தழைக்கும் அது, கோலார் வெயிலில் நிழல் இல்லாவிட்டால் கருகும். இந்த வெப்பத்தைத் தாங்கும் வீட்டுக் கொடி மணி பிளான்ட். தொட்டியில் வளரும்போது அது பூப்பதே அரிது. எந்தக் கொடியானாலும் கேள்வி ஒன்றுதான்: நமக்கு உதவாத உயிர் நம் பராமரிப்பைக் கோர முடியுமா? முடியும் என்பதே என் துணிபு. அதற்கு இந்த ஊரின் வரலாறே வலுவான சான்று.

தங்கவயல் எழுந்ததே ஓர் அணிகலனுக்காகத்தான். உண்ணவோ உடுத்தவோ உதவாத, அழகுக்கும் சேமிப்புக்கும் உரிய தங்கத்தைத் தேடி, வட ஆர்க்காட்டிலிருந்தும் அக்கம்பக்க மாவட்டங்களிலிருந்தும் வந்த தமிழ்த் தொழிலாளர்கள் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். பாறை வெடிப்புகளில் உயிரையும், தூசியில் நுரையீரலையும் இழந்தார்கள். தங்கத்தின் விலையைவிட அதைத் தோண்டும் செலவு மிகுந்தபோது, 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. ஒரு நிறுவனத்தின் வரவு செலவில் அது சரியான முடிவாகவே இருக்கலாம். ஆனால் பயன் என்ற ஒற்றை அளவுகோலால் உயிர்களை அளக்கத் தொடங்கினால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இந்த ஊர் பட்டு அறிந்திருக்கிறது. கொடியும் மனிதரும் சமமா என்று கேட்கலாம். சமமில்லை. அளக்கிற மனம் மட்டும் ஒன்றே. கொடியிடம் பழகிய அந்தக் கணக்கு, வேலை இழந்தவரிடமும் முதியவரிடமும் நோயாளியிடமும் எளிதாக நீளும்.

கொடியை உற்றுப் பார்த்தால் பயன் என்ற சொல்லே தடுமாறுகிறது. சுவரில் பற்றும் ஐவியின் சிறு வேர்கள் சுவரிலிருந்து உணவு உறிஞ்சுவதில்லை. அவை பிடிமானம் மட்டுமே. உணவுக்கு அது மண்ணையும் தன் இலைகளையுமே நம்புகிறது. சார்ந்து நிற்பதெல்லாம் சுரண்டுவது ஆகாது. பச்சையும் வெள்ளையும் கலந்த இலை வகைகளில், பச்சையம் இல்லாத வெள்ளைப் பகுதி உணவு ஆக்குவதில்லை. பச்சைப் பகுதி ஆக்குவதில் வாழ்கிறது. அதனால் செடி மெல்ல வளர்கிறது. ஆனாலும் தோட்டக்காரர் போற்றிக் காப்பது அந்த வெள்ளையைத்தான். முழுப் பச்சையாகத் திரும்பும் கிளையை அவர் நறுக்கிவிடுகிறார். அழகை விரும்பும் கண், பயனின் கணக்குக்கு அப்பால் ஒன்றை மதிக்க ஏற்கெனவே அறிந்திருக்கிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதிகாரிகளின் பங்களாக்களுக்குத் தோட்டங்கள் இருந்த காலத்தில் தொழிலாளர் குடும்பங்கள் தட்டி வீடுகளில் நெருக்கியடித்து வாழ்ந்தன. அப்படியிருக்க, அழகு என்பது பிறர் உழைப்பில் சிலர் கண்ட சுகம்தானே? அந்த அநீதி உண்மை. ஆனால் அழகைச் சிலர் மட்டும் வைத்துக்கொண்டதே அங்கே குற்றம், அழகு குற்றமில்லை. ஏழைக்கு அழகு எதற்கு என்பது அந்தப் பழைய பாகுபாட்டையே வேறு வாயால் சொல்வதாகும். குடிநீர் மனிதருக்கே முதலில் என்பதில் எனக்கு ஐயமில்லை. மணி பிளான்ட்டுக்கோ அரிசி களைந்த நீர் போதும். கணுவோடு நறுக்கிய ஒரு துண்டு, பழைய பாட்டிலிலும் வேர் விடும்.

இன்னொரு மறுப்பு சமயத்திலிருந்து வருகிறது. அயோத்திதாசரின் தமிழ்ப் பௌத்த இயக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தங்கவயலின் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வேரூன்றியது. பற்றை விடச் சொல்லும் அந்த நெறி, கொடியின் மீது வைக்கும் ஆசையை ஏற்குமா? பௌத்தத் துறவிகளான பிக்குகள் செடிகொடிகளை அழிப்பதை, விநயம் என்னும் அவர்களின் ஒழுக்க விதிகள் தடுக்கின்றன. அங்கே பயனுள்ள செடி, பயனற்ற செடி என்ற பிரிவினை இல்லை. எனக்கு இது வேண்டும் என்பது பற்று. அது வாழட்டும் என்பது பரிவு. செல்வம் சேரும் என்று மணி பிளான்ட் வளர்ப்பவரிடம் இருப்பது முன்னது. எதையும் எதிர்பாராமல் நீர் ஊற்றும் கை பின்னதைப் பழகுகிறது. அந்தப் பழக்கம் உள்ள ஊரே, கணக்குப் புத்தகம் கழித்துவிட்ட மனிதரையும் கைவிடாமல் இருக்கக் கற்கும்.